பெண்ணுருவும் புனைவுலகும்: மணிமேகலை முதல் ‘சுல்தானாவின் கனவு’ வரை

மணிமேகலைக் காப்பியத்தைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. வஞ்சி மாநகர் புகுந்த மணிமேகலை, அங்கிருந்த சமயக் கணக்கர்தங் கொள்கைகளைக் கேட்டறிய விழைந்தபோது, தன் பெண்ணுருவை மறைத்து ஒரு மாதவன் வடிவங் கொண்டே அவர்முன் சென்றாள் என்கின்றார் சாத்தனார். இளம் பெண்ணொருத்திக்குத் தம் சமயப்பொருளை அவர்கள் உரைக்கமாட்டார் என்பதே அதற்குக் காப்பியம் கூறுங் காரணம். வெள்ளவத்தையில் மாலை வேளைகளிற் சில பிள்ளைகளுக்கு இந்நூலைப் படிப்பித்து வந்த காலத்தில் இக்காரணத்தை நானும் எடுத்துரைத்தேன். கேட்டிருந்த மாணவி ஒருத்தி அமைதியுறவில்லை. “அது சொல்ல மறுத்தவர்களுடைய குறையல்லவா ஐயா? அதற்காகத் தன் உருவை மாற்றவேண்டியவள் அவளா?” என்று கேட்டாள். அன்று நான் தக்க விடை கூறினேனல்லேன். அவ்வினாவைத் தொடர்ந்து சென்றபோது கண்டவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ள உலகத்தை உள்ளவாறே காட்டுவது ஒருவகைக் கதை. ‘இவ்வுலகம் வேறுவிதமாக இருப்பின் எவ்வாறிருக்கும்?’ என வினவி, அவ்வேறுலகைப் படைத்துக் காட்டுவது மற்றொரு வகை. வானூர்திகளையும் வேற்றுக் கோள்களையும் பேசும் அறிவியற் புனைகதையும், இனிவரும் நாட்டை வகுத்துக்காட்டும் கனவுக் கதையும், அச்சந்தரும் எதிர்காலத்தை எச்சரிக்கையாகக் கூறும் கதையும் இரண்டாம் வகையைச் சார்ந்தன. இவற்றை ஒருங்கே ஊகப் புனைகதை என்று வழங்குவர். இவ்வகையைப் பெண்கள் தங் கையில் எடுத்துப் பெண்ணின் நிலையை வினவுதற்குக் கருவியாக்கியபோது பெண்ணிய ஊகப் புனைகதை தோன்றிற்று. பெண் என்பாள் யார், அவளுடைய உடம்பு யாருக்குரியது, இயற்கையோடு அவளுக்குள்ள உறவு யாது என்னும் மூன்று வினாக்களும் இக்கதைகளில் ஓயாது எழுகின்றன. இது மேனாட்டிலே தோன்றி நம்மிடம் வந்த புதுச்சரக்கு எனக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு நம் பழைய காப்பியமும், 1905 ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சேறிய ஒரு சிறுகதையுமே சான்றாகும்.

முதலிற் காப்பியத்தை நோக்குவோம். மணிபல்லவத்திலே மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களை அருளுகின்றது. வேற்றுருக் கொள்ளுதல், வான்வழிச் செல்லுதல், பசியைப் போக்குதல் என்பன அவை. அம்மணிபல்லவம் நம் நயினாதீவே என்பது அறிஞர் பலருடைய கருத்து. மூன்று மந்திரங்களும் உடம்பைப் பற்றியனவாயிருத்தல் ஈண்டு நோக்கற்பாலது. கணிகையர் குலத்திற் பிறந்த ஓர் இளம்பெண்ணின் உடம்பு பிறருடைய விருப்பத்துக்குரிய பொருளாகவே புகார் நகரத்தாராற் கருதப்பட்டது. அரசகுமாரன் உதயகுமரன் அவளைத் தொடர்கின்றான். பாட்டி சித்திராபதியோ அவளைக் குலத்தொழிலுக்கு மீட்க முயல்கின்றாள். இந்நிலையில் உருவை மாற்றவும், மண்ணைவிட்டு எழவும், பசிக்கு அடிமையாகாதிருக்கவும் வல்லமை பெறுதலே விடுதலையெனக் காப்பியம் கண்டது.

எனினும் அவ்விடுதலைக்கு ஒரு விலையுண்டு. உதயகுமரனிடமிருந்து தப்பும்பொருட்டு மணிமேகலை காயசண்டிகையின் வடிவங் கொள்கின்றாள். காயசண்டிகை யார்? பொதியிற் சாரலிலே, பன்னீராண்டுக்கு ஒருமுறை கனியும் நாவற்கனியை அறியாது மிதித்தமையால், அதற்குரிய முனிவன் இட்ட சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோய்க்கு ஆளான விஞ்சை மகள். ஒரு கனிக்கு நேர்ந்த கேட்டுக்கு ஈடாகப் பன்னீராண்டு எரிந்தது ஒரு பெண்ணின் வயிறு. அமுதசுரபியின் உணவால் அந்நோய் தீர்ந்து அவள் தன் நாட்டுக்குப் புறப்பட்டாள். அவளுடைய கணவன் காஞ்சனனோ, மணிமேகலை பூண்ட வடிவத்தைத் தன் மனைவியென்றே எண்ணி, அவளைத் தொடர்ந்து வந்த உதயகுமரனை வாளால் வெட்டினான். ஒரு பெண்ணின் உருவம் மற்றொருத்திக்குப் போர்வையாயிற்று. அப்போர்வையே ஒரு கொலைக்குங் காரணமாயிற்று. வஞ்சியிற் கொண்ட மாதவன் வடிவமோ அறிவுபெறுதற்குக் கொடுத்த விலை. நகரத்தின் வழக்கமும் அறிஞர்தம் மனமும் இருந்தவாறே இருந்தன. மாறியது பெண்ணின் உடம்பு ஒன்றே.

இம்முறைமை மணிமேகலையோடு நிற்பதன்று. கணவனை இழந்த கண்ணகி நீதி கேட்டு நின்றபோது, மன்னன் உயிர்துறந்தும் அவள் சினம் தணியவில்லை. தன் மார்பகத்தைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள். பெண்ணின் சினத்துக்குப் படைக்கலம் வேறு இல்லாதபோது உடம்பே படைக்கலமாயிற்று. காரைக்காலிலே பிறந்த புனிதவதியார், கணவன் தம்மைத் தெய்வமென அஞ்சி நீங்கி வேறு மணஞ்செய்தமை அறிந்து, அவனுக்கெனத் தாங்கிய தசையை உதறிப் பேயுருவை இறைவனிடம் இரந்து பெற்றார். அவ்வென்புருவோடு தலையால் நடந்து கைலை சென்றவரை இறைவன் தாயென விளித்தான் என்பது பெரியபுராண வரலாறு. சைவ உலகம் அவரைப் போற்றி வணங்குவது முறையே. ஆயினும் அழகிய இளமையுடம்போடு இருந்தவரையில் அப்பெருமாட்டிக்குத் தனித்ததோர் இடம் ஊரிலே இல்லாமற்போயிற்று என்பதையும் அவ்வரலாறு மறைக்கவில்லை.

கண்ணகியின் கதைக்கு ஈழநாடு சேர்த்த ஒரு தொடர்ச்சியை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியிலே வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் கோயில்களில் நிகழும் விழாவின் நிறைவாகக் குளிர்த்திச் சடங்கு நடைபெறுகின்றது. மதுரையை எரித்த வெம்மை ஆறி அம்மன் குளிரவும், அதனால் ஊருக்கு மழையும் நோயின்மையும் வாய்க்கவும் வேண்டுவது அச்சடங்கு. சிங்கள மக்கள் இதே தெய்வத்தைப் பத்தினி என வழிபட்டு, கோடையும் அம்மைநோயும் தணிய வேண்டுவர். பத்தினி வழிபாட்டைப் பற்றிக் கணநாத் ஒபயசேகர எழுதி 1984 இல் வெளிவந்த பெருநூல் இவ்விரு மரபுகளின் உறவையும் விரித்துரைக்கின்றது. பெண்ணின் சினமும் நிலத்தின் வெப்பமும் ஒன்றே, அவளுடைய ஆறுதலும் மழையும் ஒன்றே என்பது இவ்வழிபாட்டின் உட்கிடை. பெண்ணை இயற்கையாகவும் இயற்கையைப் பெண்ணாகவும் காணும் இப்பழைய எண்ணம் அழகியது. ஆயினும் ஒரு வகையில் இடர் தருவது. இயற்கையாகிவிட்டவளை வணங்கலாம்; அஞ்சலாம்; குளிர்விக்கலாம். அவளோடு உரையாடுதல் அரிது.

இவ்வாறு வந்த நெடுமரபிலே ஒரு திருப்பம் 1905 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கமலா சத்தியநாதன் என்னும் பெண்மணி 1901 இலே சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மகசீன்’ என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். பெண்ணொருவர் ஆசிரியராயிருந்து பெண்களுக்கென நடத்திய அவ்விதழிலே சரோஜினி நாயுடு முதலியோரும் எழுதினர். அவ்விதழுக்கு 1905 இல் வங்காளத்திற் பிறந்த முஸ்லிம் பெண்ணொருவரிடமிருந்து ஒரு கதை வந்தது. அவர் பெயர் ரொக்கேயா சகாவத் ஹொசைன். கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. 1908 இல் அது கல்கத்தாவிலே தனிநூலாகவும் வெளிவந்தது.

ரொக்கேயா 1880 இல், இக்காலத்தில் வங்காளதேசத்திலுள்ள ரங்கப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த பைராபந்து என்னும் ஊரிற் பிறந்தவர். ஐந்து வயது முதலே திரைமறைவில் வளர்க்கப்பட்டார். வீட்டார் உறங்கியபின் விளக்கொளியிலே தமையனார் இரகசியமாக ஆங்கிலம் கற்பித்தார்; தமக்கையாரின் துணையால் வங்கமொழி பயின்றார். பாகல்பூரில் அரச உத்தியோகத்திலிருந்த அவருடைய கணவர் அவர் எழுதுவதை ஊக்கினார். கணவர் பயணஞ் சென்றிருந்த வேளையில் பொழுதுபோக்காக எழுதியதே இக்கதை. திரும்பிவந்த கணவர் நின்றபடியே அதனை வாசித்து முடித்து, இது ஆண்கள்மேற் கொண்ட பெரும் பழிவாங்கல் என வியந்தார் என்று ரொக்கேயாவே பிற்காலத்திற் குறித்துள்ளார்.

இனிக் கதையைச் சுருக்கமாகக் காண்போம். சுல்தானா என்பாள் சாய்நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியவாறே கண்ணயர்கின்றாள். சாரா என்னுந் தோழி வந்து அவளை வெளியே அழைத்துச் செல்கின்றாள். இரவென்று எண்ணித் துணிந்து வெளிவந்தவள், பட்டப்பகலிலே, கூட்டம் நிறைந்த வீதியிலே முகத்திரையின்றி நடப்பதை உணர்ந்து கூசுகின்றாள். வழிப்போகும் பெண்கள் அவளைக் கண்டு நகைக்கின்றார்கள். காரணம் கேட்டபோது, அவள் ஆண்களைப்போல இருக்கின்றாளென அவர்கள் கூறியதாகச் சாரா விளக்குகின்றாள். அந்நாட்டிலே நாணமும் அச்சமும் ஆணின் இயல்புகள்! அங்கே ஆண்கள் அந்தப்புரத்திலிருந்து சமையலும் குழந்தை வளர்ப்பும் கவனிக்கின்றனர். பெண்களோ நாட்டை ஆளுகின்றனர்.

அந்நிலை எவ்வாறு வந்தது? அரியணையேறிய இளம் அரசி பெண்களுக்குப் பாடசாலைகள் அமைத்தாள். 21 வயதுக்கு முன்னர் எப்பெண்ணுக்கும் திருமணம் நிகழலாகாது என விதித்தாள். பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஒரு கழகத்தார் வானிலே பெருங்கூண்டொன்றை மிதக்கவிட்டு மேகத்திலிருந்து வேண்டும்போது நீரைக் குழாய்வழி இறக்கக் கற்றனர். மற்றவர் ஞாயிற்றின் வெப்பத்தைச் சேமித்து வேண்டியவாறு பயன்படுத்தக் கற்றனர். படையைப் பெருக்குவதில் முனைந்திருந்த ஆண்கள் இவற்றை வெறும் மனமயக்கமெனப் புறக்கணித்தனர். பின்னர் அயலரசன் ஒருவன் படையெடுத்து வந்தபோது ஆண்களின் படை தோற்றது. களைத்து வீடு திரும்பிய ஆண்களை அந்தப்புரத்திற் புகுமாறு வேண்டிக்கொண்டு, இரண்டாங் கழகத்தின் தலைவி தன் மாணவியரோடு சென்று, சேமித்த வெயிற்கதிரைப் பகைவர்மேற் செலுத்தி அவர்களைத் துரத்தினாள். போர் முடிந்தபின் ஆண்கள் மீண்டும் வெளியே வரவில்லை.

அந்நாட்டிலே சமையலறையிற் கரியுமில்லை, புகையுமில்லை. ஞாயிற்று வெப்பத்தாலே உணவு சமைக்கப்படுகின்றது. மின்னாற்றலால் வயல் உழப்படுகின்றது. ஐதரசன் நிரப்பிய உருண்டைகளின் துணையால் வான்வண்டி பறக்கின்றது. வெள்ளமும் வறட்சியும் இல்லை. வீதிகளே பசும்பாசியும் பூவும் விரிந்த தோட்டமாயிருக்கின்றன. ஆண்கள் அலுவலகத்திற் சுருட்டுப் பிடித்துக் கழித்த நேரம் மிச்சமானதாற் பெண்கள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே உழைத்து எல்லாக் கருமங்களையும் முடிக்கின்றார்கள்! இவற்றையெல்லாங் கண்டபின் சுல்தானா விழித்துக்கொள்ளுகின்றாள், சாய்நாற்காலியிலேயே இருக்கின்றாள்.

ஒரு பாடசாலைக்கும் சென்றறியாத பெண்மணி தம் 25 ஆம் வயதளவில் எழுதிய கதை இது. இதிலே நகைச்சுவை மிகுதி. ஆயினும் நகைச்சுவையின் கீழே ஓர் உறுதியான மறுப்பு இருக்கின்றது. மணிமேகலையின் மந்திரங்களையும் இந்நாட்டின் கருவிகளையும் ஒப்புநோக்குக. அங்கே வான்வழிச் செல்லுதற்கு மந்திரம்; இங்கே ஐதரசன். அங்கே பசிப்பிணிக்கு அமுதசுரபி. இங்கே மின்னுழவும் வெயில் அடுப்பும். மூன்றாவதாகிய வேற்றுரு எங்கே? அது இக்கதையில் இல்லை. அறிவைப் பெறுதற்கு ரொக்கேயாவின் பெண்கள் ஆணுருக் கொள்ளவில்லை, அழகைத் துறக்கவில்லை, உடம்பைச் சிதைத்து எறியவுமில்லை. மாறியது வீட்டுச் சுவரின் திசை; மாறியது நாட்டின் சட்டம்; மாறியது கல்வி. ‘உருவை மாற்றவேண்டியவள் அவளா?’ என்று வெள்ளவத்தை மாணவி கேட்ட வினாவுக்கு ‘அல்லள்’ என்னும் விடை நூறாண்டுக்கு முன்னரே சென்னையில் அச்சாகியிருந்தது.

இயற்கையைப் பற்றிய கருத்திலும் அவ்வாறே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இக்கதையின் பெண்கள் இயற்கையின் வடிவங்களல்லர், இயற்கையை ஆராய்பவர். கண்ணகியின் மார்பிலிருந்து எழுந்த தீக்குப் பதிலாக ஞாயிற்றின் தீ வந்தது. குளிர்த்தி வேண்டி இரந்த மழை குழாய்வழி வந்தது. அவ்வாற்றலைப் பெற்றவர்கள் காட்டை அழிக்கவில்லை, நாட்டைத் தோட்டமாக்கினர். பெண்ணொடுக்குமுறையும் இயற்கை அழிவும் ஒரே வேரிலிருந்து எழுவன என்னுங் கொள்கைக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் 1974 இல் ஒரு தனிப்பெயர் வழங்கினார். பெயரில்லாமலே அவ்வெண்ணத்தை ரொக்கேயா கதையாக்கி எழுபதாண்டுகள் அப்போது நிறைவுறும் நிலையிலிருந்தன.

எனினும் இக்கதைக்குக் குறையே இல்லையெனக் கூறுதல் ஆராய்ச்சியாகாது. பெண்ணை அடைத்த கூண்டிலே ஆணை அடைத்துவிட்டால் நீதி பிறந்துவிடுமா என்னும் ஐயம் நியாயமானது. ஆனால், ஆண்களை அடைத்து வைத்ததைக் கேட்டு நாம் நகைக்கும்போது, அதே அடைப்பைப் பெண்களுக்குச் செய்தபோது நாம் நகைக்கவில்லை என்பதைக் கதை நமக்கு உணர்த்துகின்றது. அடைப்பு இயற்கையன்று, வழக்கமே என்பதைக் காட்டுதற்கு அதனைத் தலைகீழாக்குவதினும் சிறந்த வழி இல்லை. மேலும் ரொக்கேயா கனவோடு நின்றாரல்லர். கணவர் இறந்த 1909 ஆம் ஆண்டிலேயே பாகல்பூரிற் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கி, 1911 இல் அதனைக் கல்கத்தாவுக்கு மாற்றினார். வீடுவீடாகச் சென்று பெற்றோரை இரந்து மாணவியரைச் சேர்த்தார். 1932 டிசம்பர் 9 ஆம் நாள் மறையும்வரை அப்பணியிலேயே நின்றார். 2024 இல் இக்கதை யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்துக்குரிய ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது.

அக்காலத்திலே நம் கொழும்பு நகரம் எவ்வாறிருந்தது? சுல்தானா கனவு கண்ட காலத்தையொட்டியே, 1907 முதல் 1912 வரை, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்குவித்தார். 1913 இல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியையும் அவரே நிறுவினார். பெண்கல்விக்கு அவர் செய்த தொண்டு மறத்தற்கரியது. ஆயினும் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை வழங்குதலை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். பள்ளிக்கூடத்து வாயில்வரை பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற பெரியார், வாக்குச்சாவடியின் வாயிலிலே அவளைக் கற்பனைசெய்ய இயலாது நின்றார். இதனைப் பழிப்பாகக் கூறவில்லை. கற்பனையின் எல்லையே பலவேளைகளில் நீதியின் எல்லையாகின்றது என்பதற்கு உதாரணமாகவே கூறினேன்.

அவ்வெல்லையை 1927 இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார் கடந்தனர். ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை வழங்குமாறு கூறியிருந்தும், 1931 இலே 21 வயது நிரம்பிய பெண்கள் யாவரும் அவ்வுரிமை பெற்றனர். அடுத்த ஆண்டிலேயே, கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியில் நிகழ்ந்த இடைத்தேர்தலிலே நேசம் சரவணமுத்து வெற்றிபெற்று அரசாங்க சபைக்குச் சென்றார். சட்டசபையிற் புகுந்த முதல் தமிழ்ப் பெண்மணி அவரே. ரொக்கேயா மறைந்த அதே 1932 ஆம் ஆண்டு அது. வெள்ளவத்தையிலே சைவ மங்கையர் கழகத்தாரின் பெண்கள் கல்லூரி வளர்ந்ததும் அக்காலப் பகுதியிலேயே. 1960 இல் உலகத்தின் முதற் பெண் பிரதமரை இலங்கை பெற்றது. கனவு நனவாயிற்று என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம். ஆனால், 225 உறுப்பினரைக் கொண்ட நம் பாராளுமன்றத்திலே பெண்களின் தொகை 2024 ஆம் ஆண்டுத் தேர்தலிற்கூடப் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

ரொக்கேயாவுக்குப் பின் உலகின் பல பகுதிகளிலும் இவ்வகைப் புனைவு வளர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1915 இல் ஆண்களே இல்லாத ஒரு பெண்கள் நாட்டைப் படைத்தார். அர்சுலா லெ குவின் 1969 இல் வெளியிட்ட நாவலிலே, ஆண் பெண் என்னும் நிலையான பிரிவே அற்ற மாந்தரைக் கொண்ட பனிக்கோள் ஒன்று வருகின்றது. அங்கே ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாயும் வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையுமாதல் கூடும். மார்ஜ் பியர்சி 1976 இற் படைத்த எதிர்கால ஊரிலே குழந்தைகள் கருவிகளில் வளர்கின்றனர், ஆண்களும் பாலூட்டுகின்றனர். மார்கரெட் அட்வுட் 1985 இல் எழுதிய நாவலோ கொடுங்கனவு. சூழல் நஞ்சானதாற் பிள்ளைப்பேறு அருகிய நாட்டிலே, கருவுறவல்ல பெண்கள் அரசின் உடைமையாக்கப்படுகின்றனர். அவர்களுடைய சொந்தப் பெயர்களும் பறிக்கப்பட்டு, ‘இன்னானுக்குரியவள்’ என்னும் பெயர் சூட்டப்படுகின்றது. நிலம் நஞ்சாதலும் பெண்ணுடம்பு சிறைப்படுதலும் பெயர் அழிதலும் ஒரே சங்கிலியின் மூன்று கணுக்களென அந்நாவல் காட்டுகின்றது.

இந்தியாவிலும் இம்மரபு அறவில்லை. 2008 இல் இரு நூல்கள் வெளிவந்தன. மஞ்சுளா பத்மநாபனின் நாவலிலே பெண்ணினமே அழிக்கப்பட்ட நாடொன்றில் ஒளித்து வளர்க்கப்படும் ஒரே சிறுமியின் வரலாறு கூறப்படுகின்றது. கருவிலே பெண்ணென அறிந்து அழிக்கும் வழக்கத்தைத் தடுக்க 1994 இல் இந்தியா சட்டமியற்ற நேர்ந்ததை நினைப்போர்க்கு அது வெறுங் கற்பனையாகத் தோன்றாது. வந்தனா சிங்கின் சிறுகதையிலே நடுத்தரக் குடும்பத்து மனைவி ஒருத்தி தான் ஒரு கோள் என்று கணவனிடம் அறிவிக்கின்றாள்; அவளுடைய உடம்பிலே சிற்றுயிர்கள் குடியிருக்கின்றன. பெண்ணை நிலமகள் என்று போற்றிய பழைய உவமையை அக்கதை உள்ளவாறே எடுத்துக்கொண்டு, அவ்வுவமையைக் கேட்டுப் பழகிய கணவனைத் திகைக்கச் செய்கின்றது.

தமிழிலும் இவ்வினாக்கள் வெவ்வேறு வழிகளில் எழுந்தன. ரொக்கேயாவின் கதை வெளிவந்து ஒன்பதாண்டுகளில், 1914 இலே, ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியரான மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை எழுதினார். மணவாழ்க்கையிற் பெண் படும் துன்பத்தை உள்ளவாறு காட்டியது அது. துன்பமில்லாத வேறுலகைக் காட்ட முனையவில்லை. புதுமைப்பித்தன் 1943 இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ என்னுங் கதையிலே, சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மீண்டுங் கல்லாகின்றாள். பெண்ணுடம்பு இயற்கைப் பொருளாய் உறைதல் பழங்கதையிலே தண்டனை. இங்கே அதுவே அவளுடைய மறுப்பு. பெரியார் ஈ.வெ.ரா. 1940களில் வெளிவந்த ‘இனிவரும் உலகம்’ என்னும் நூலில், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பிறக்குங் காலம் வருமென எதிர்நோக்கினார். சோதனைக் குழாய் முறையாற் கருவாகிய முதற் குழந்தை இங்கிலாந்திற் பிறந்தது 1978 இலே என்பதை நோக்கின், அவருடைய ஊகத்தின் துணிவு விளங்கும்.

ஆயினும் இவ்விடத்து ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பெண்ணின் விடுதலைக்குப் பிள்ளைப்பேறே தடையென்று கூறி உடம்பின் கருமத்தை நீக்க முயலும் வழி ஒன்று. உடம்பு இருந்தவாறே இருக்க, அதன்மேல் ஏற்றிய பொருளை மாற்றும் வழி மற்றொன்று. அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ என்னுஞ் சிறுகதை இரண்டாவது வழியிற் செல்கின்றது. தங்கம் அத்தை பூப்பெய்தாதவள்; அவளுடைய உடம்பை ஊரார் பொக்கையென எண்ணினர். அவளோ குழந்தைகளைச் சுற்றி இருத்திக் கதை சொல்லுகின்றாள். தன் காட்டைவிட்டு வழிதப்பி அறியாத வேறு காட்டிற் புகுந்த மான் ஒன்று, முதலில் அஞ்சி, பின்னர் மெல்ல மெல்ல அக்காட்டைத் தனதாக உணர்ந்த கதை அது. அந்தக் காடு அவளுடைய உடம்பேயென வாசகர் தாமே உணர்வர். மான் வேறு வடிவங் கொள்ளவில்லை; காட்டைக் கற்றுக்கொண்டது. இதே பெயருடைய தொகுதி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஈழத்திலும் பெண்கள் தம் உடம்பைப் பற்றியும் அடக்கப்பட்ட சொல்லைப் பற்றியும் வெளிப்படையாக எழுதத் தலைப்பட்டனர். 1986 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதி அதற்கு ஒரு தொடக்கம். கொழும்பிலே பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் ‘நிவேதினி’ என்னும் இதழ்வழி இத்தகைய ஆராய்ச்சியைத் தமிழிலே வளர்த்தது. பெண் எழுதும் கற்பனை பொழுதுபோக்கன்று, வரலாற்றின் ஒரு கூறு என்பதை இம்முயற்சிகள் நிலைநாட்டின.

இதுகாறுங் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். நம் பழைய காப்பியம் பெண்ணின் தளையை மறைக்கவில்லை. அதனை அவிழ்க்கும் வழியாக அவளுடைய உருமாற்றத்தையே கண்டது. 1905 ஆம் ஆண்டுக் கதையோ, பெண்ணை விட்டுவிட்டு உலகத்தை உருமாறச் சொன்னது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரமே பெண்ணின் வரலாறு. சாத்தனாரை இதனாற் குறைகூற வேண்டுவதில்லை. மணிமேகலை ஆணுருக் கொண்டு சென்றாள் என்று அவர் எழுதிவைத்திராவிடின், கதவு அடைத்திருந்தது என்பதற்கு நமக்குச் சான்று ஏது?

கோயிலுக்கும் கல்லூரிக்கும் நூலகத்துக்கும் குறைவில்லாத நகரத்திலே நாம் வாழ்கின்றோம். ஆண்பிள்ளைகள் பயிலும் கல்லூரியின் மலரிலே இப்பொருளை எழுதுதற்கு ஒரு காரணமுண்டு. உருவை மாற்றவேண்டியவள் யார் என்ற வினாவை எழுப்பியவள் மாணவி. ஆனால், அதற்கு விடையிறுக்க வேண்டியவர்கள் வஞ்சியிலே சமயப்பொருள் உரைத்த கணக்கரின் இடத்தில் இருப்பவர்களே. நாளை ஆசிரியராகவும் அதிகாரியாகவும் தந்தையராகவும் அவ்விடத்தில் அமரப்போகும் மாணவர்கள், தம்முன் வந்து கேட்பவள் தன் உருவோடேயே நின்று கேட்குமாறு கதவைத் திறந்து வைப்பாராக. அவள் வேறு வடிவங் கொண்டுதான் வரவேண்டுமென்றால், குறை அவளுடைய வடிவத்தில் இல்லை.